பூட்டிய அலுமாரியில் ஒரு பலகைத் துண்டு

வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி.

இந்திராணி அலுமாரியைத் திறந்து உறையோடு டெப்பை எடுத்தாள். கனம் சரியாகத்தான் இருந்தது. உறையைப் பிரித்தாள். உள்ளே இருந்தது ஒரு பலகைத் துண்டு.

பலாங்கொடையிலிருந்து மலை ஏறும் பஸ் கடைசியாகத் திரும்பும் இடத்தில் இருக்கிறது அந்தத் தேயிலைத் தோட்டம். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவுக்கு இந்திராணிதான் பொறுப்பு. டெப் என்கிற அந்தத் தொடுதிரைக் கணினியை ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்திருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, அடிக்காமல் எப்படி அடக்குவது என்று அதில் சின்னச் சின்ன வீடியோ பாடங்கள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் தாய்மார் கூடி உட்கார்ந்து பார்ப்பார்கள்.

விஷயம் கேட்டு வந்த தோட்ட நிர்வாகி, தொரை, கத்தவில்லை. "பூட்டு உடையல. சாவி உன்கிட்ட. திங்கட்கிழமைக்குள்ள டெப் வரணும். வராட்டி நீயும் வர வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வேலை போனால் இந்திராணிக்கு வேறு வழியில்லை. ஒற்றை ஆளாகத்தான் அவள் குடும்பத்தை இழுத்துக்கொண்டிருந்தாள்.

பகல் பதினொரு மணி.

சார்ஜன்ட் நுஹ்மான் வந்து சேர்ந்தார். பொலிஸ் நிலையத்தில் ஒழுங்காகத் தமிழ் பேசுபவர் அவர் ஒருவர்தான். அதனால் தோட்டத்தில் கோழி காணாமல் போனாலும் அவர் தலையில்தான் கட்டுவார்கள். தமிழ் தெரிந்த குற்றத்துக்கு இந்த மலைப் படிகளை ஏறுவதுதான் தண்டனை என்று முழங்காலைத் தேய்த்தபடி உட்கார்ந்தார்.

"கடைசியா எப்ப டெப்பைப் பார்த்தீங்க?"

"நேத்து காலையில சேர். சார்ஜ் பண்ணி, உறையில போட்டு மேசையில வச்சேன்."

"அலுமாரியில?"

"சாயந்தரம் பூட்டும்போது வச்சேன்."

"உறையைத் திறந்து பார்த்தீங்களா?"

இந்திராணி தலை குனிந்தாள். "இல்லைங்க. அந்த நேரத்துல உடம்புல உசிரே இருக்காது."

"அப்ப ராத்திரி பூட்டை யாரும் தொடல. பகல்லயே மாத்திட்டாங்க. பகல்ல எந்தத் தாயாவது உள்ள வந்தாங்களா?"

"இல்ல சேர். கொழுந்தத் தராசுல நிறுத்துட்டுத்தான் வருவாங்க. நேத்து நல்ல மழை. வாசல்லயே நின்னு பிள்ளைங்கள வாங்கிக்கிட்டுப் போயிட்டாங்க."

"நீங்க இங்கயேதான் இருந்தீங்களா?"

"பிள்ளைங்க தூங்குறப்ப பின்னால குசினியில கஞ்சி காய்ச்சினேன்."

நுஹ்மான் பலகையைப் புரட்டிப் பார்த்தார். ஓரங்கள் நான்கும் வழவழவென்று தேய்க்கப்பட்டிருந்தன. பிள்ளைகள் எடுத்தால் கையில் சிராய் ஏறுமே என்று திருட வந்த ஆளுக்குக் கவலை. இப்படி ஒரு திருட்டை அவர் பார்த்ததில்லை.

ஒரு சிறுமி வந்து அவருடைய தொப்பியைத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்கு இரண்டு சடை. ஒன்று காதுக்கு மேலே நின்றது, மற்றது பிடரியில் தொங்கியது.

"சுதர்ஷினி, அங்கிட்டுப் போ" என்று இந்திராணி அதட்டினாள். "தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டுத்தான் வரும் சேர். இன்னைக்குத்தான் சடையோட வந்திருக்கு."

நண்பகல்.

நுஹ்மான் தொண்டு நிறுவனத்து அலுவலர் ஷாமிளாவைத் தொலைபேசியில் பிடித்தார்.

"டெப் எங்க இருக்குன்னு உங்களுக்குக் காட்டாதா?"

"மலைக்குள்ள சரியாக் காட்டாது சேர். ஆனா எந்தப் பாடத்தத் திறந்தாங்கன்னு எங்க கம்பியூட்டருக்கு வந்துரும். நேத்து ராத்திரி ரெண்டு பாடம் பார்த்திருக்காங்க. ஒண்ணு, தூக்கத்துல அழுற பிள்ளையைத் தேத்துறது. மத்தது, பிள்ளையோட பேசிக்கிட்டே தலை வாரிச் சடை பின்னுறது. அதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்காங்க. யாரோ ஒரு தாய்தான் சேர்."

"சடை பின்னத் தெரியாத தாய் இந்தத் தோட்டத்துல இருக்காங்களா, மிஸ்?"

அவர் அழைப்பைத் துண்டித்தார்.

நுஹ்மான் இந்திராணியிடம் திரும்பினார். தன் மேலேயே அவருக்குச் சலிப்பாக இருந்தது. "நான்தான் தப்பாக் கேட்டுட்டேன். தாய் யாரும் வரல, சரி. வேற யார் உள்ள வந்தாங்க?"

"சுதர்ஷினியோட அப்பா உதயராஜ் வந்தாரு. மருந்தடிக்கிற ஆம்பளைங்களுக்கு வேலை வெள்ளனையே முடிஞ்சிரும். சுதர்ஷினிய எப்பவும் அவருதான் எழுப்பிக் கூட்டிட்டுப் போவாரு. தாய் பிரஷாந்தினி குவைத்துல வேலைக்குப் போயிருக்கு. நீங்க தாய்மாரத்தானே சேர் கேட்டீங்க."

பிற்பகல் மூன்று மணி.

தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் உதயராஜின் காம்பராவுக்கு நுஹ்மான் இந்திராணியையும் அழைத்துப் போனார். சுதர்ஷினி வெளியே விளையாடிக்கொண்டிருந்தாள்.

"டெப்பை எடுத்தது நீங்கதான், உதயராஜ்" என்றார் நுஹ்மான். "இவங்க குசினியில இருந்தப்ப பலகையை உறையில வச்சீங்க. டெப்பை மகளோட துணிப்பையில போட்டுக் கொண்டு வந்தீங்க. விக்க எடுத்தவன் சடை பின்னுற பாடம் பார்க்க மாட்டான். அது தெரியாத ஆள்தான் பார்ப்பான். நேத்து வரைக்கும் உங்க மகளுக்குச் சடை கிடையாது. இன்னைக்கு இருக்கு, அதுவும் கோணலா."

உதயராஜ் மறுக்கவில்லை. தலையணைக்கு அடியிலிருந்து டெப்பை எடுத்து மேசையில் வைத்தான். துணியால் ஒரு முறை துடைத்தான்.

"ராத்திரி எந்திரிச்சு அம்மான்னு அழுறா, மாத்தயா. என்ன செய்யுறதுன்னு தெரியல. பிரஷாந்தினி குவைத்துலருந்து போன் எடுத்தா நல்லா இருக்குறோம்னுதான் சொல்றேன். இங்க இப்படின்னு தெரிஞ்சா அவ அங்க நிக்க மாட்டா. ஞாயித்துக்கிழமைக்குள்ள திருப்பி வச்சிரலாம்னு இருந்தேன்."

நுஹ்மான் இந்திராணியைப் பார்த்தார். "டெப் கிடைச்சிருச்சு. உங்க வேலைக்கு ஒண்ணும் வராது, தொரைகிட்ட நான் பேசுறேன். இவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறதா வேணாமான்னு நீங்க சொல்லுங்க. பாதிக்கப்பட்டது நீங்கதான்."

காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த கோபம் இந்திராணிக்கு இப்போது பொங்கியது. "என்னைத் திருடின்னு தோட்டமே பேசுது, தம்பி. ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே."

"கேட்டேங்க அக்கா" என்றான் உதயராஜ். குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. "போன ஞாயித்துக்கிழமை நானும் பாடம் பார்க்கலாமான்னு வாசல்ல நின்னேன். வீட்டுல பொம்பள யாரும் இருந்தா அனுப்புன்னு சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க."

இந்திராணிக்கு நினைவு வந்தது. அன்று முதலில் சிரித்தது அவள்தான்.

"விட்டுருங்க சேர்" என்றாள்.