எத்தனை பேர் குளித்தார்கள்?

குப்பியில் விட்ட சொட்டு மருந்து மஞ்சளாகவில்லை. குளத்துத் தண்ணீரில் குளோரின் இருந்தால் மஞ்சளாக வேண்டும். நேற்று மாலைதான் செல்போன் செயலி சொன்ன அளவை எர்லிண்டா அப்படியே நிறுத்துக் கொட்டியிருந்தாள், முந்தாநாளும் அப்படித்தான். குப்பியில் நின்றதோ நிறமே இல்லாத வெறும் தண்ணீர்.

குவெர்னவாகா ஊரில் பணக்காரர்களின் வார இறுதி வீட்டைக் காப்பதென்றால் நீச்சல்குளத்தைக் காப்பதென்றுதான் அர்த்தம். சனிக்கிழமை முதலாளியம்மா தலைநகரத்திலிருந்து வந்திறங்கும்போது அது நீலமாக இருக்க வேண்டும். குளத்தின் அளவு, வெயில் எல்லாம் போட்டால் எவ்வளவு குளோரின் என்று செயலி சொல்லிவிடும். கடைசியாக ஒரு கேள்வி கேட்கும்: இன்று எத்தனை பேர் குளித்தார்கள்? எர்லிண்டா எப்போதும் பூஜ்யம் போடுவாள். பச்சைப் பொய். வீடு காலியாகக் கிடக்கும் நாளெல்லாம் அவள் மகள் யாரெத்சி அந்தத் தண்ணீரில்தான் கிடப்பாள். வேலைக்காரர் பிள்ளைகள் இறங்கக் கூடாது என்பது கட்டளை. போட்ட கணக்கு முதலாளியம்மா போனிலும் தெரியும். அந்த ஊரில் பாதி வேலைக்காரிகள் போடும் பூஜ்யம்தான் அது.

ஆனால் இந்த வாரம் பூஜ்யம் நிஜம். யாரெத்சிக்கு அம்மை போட்டிருந்தது. ஆறு வயதுப் பிள்ளை, உடம்பெல்லாம் கொப்புளத்தோடு, பின்கட்டு அறையில் சோளக்கஞ்சியும் முனகலுமாகப் படுத்திருந்தாள்.

குளோரினை வெயில் குடித்திருக்கும் என்று சொல்லிவிட்டுத் தோட்டக்கார ஃபிடென்சியோ சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எங்கே இருந்தது வெயில்? மழைக்காலம், நாலு நாளாக வானம் ஈரத்துணியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அதைவிட மோசம் நெடி. யாரும் இறங்காத குளம் வாசனையே அடிக்காது. வியர்வையும் மூத்திரமும் குளோரினோடு கலந்தால்தான் அந்த மூக்கெரிச்சல் கிளம்பும், இந்தத் தொழிலில் இருக்கும் எவருக்கும் அது தெரியும். இலை விழுந்தாலும் கேட்கும் அந்த மதியத்தில், யாரும் தொடாத தண்ணீரிலிருந்து, ஒரு பள்ளிக்கூடமே இறங்கிக் கும்மாளம் போட்டுவிட்டுப் போன நெடி எழுந்து, செம்பருத்தி வேலியைத் தடவிக்கொண்டு வந்து, அவள் தொண்டையில் உட்கார்ந்தது.

போட்டதில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்றும் செயலி சொல்லும். பூஜ்யம் என்றால் நிறைய மிஞ்ச வேண்டும் என்றது. எர்லிண்டா ஐந்து என்று மாற்றினாள். அப்போதும் மிச்சம். இருபது. மிச்சம். ஐம்பது. கொஞ்சம். நூறு என்று போட்டதும் கணக்கு குப்பியோடு அச்சாகப் பொருந்தியது.

நூறு பேர்.

குளத்தைப் பார்த்தாள். தண்ணீர் அசையவில்லை. விளிம்பு ஓடுகள் மட்டும் ஈரமாக இருந்தன, இப்போதுதான் தளும்பியதைப்போல.

அறைக்கு ஓடினாள். யாரெத்சி எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"குளத்துல இறங்கினியாடி?"

"இல்லம்மா. இடமில்லைன்னுட்டாங்க."

"யாரு?"

குழந்தை கைக் கொப்புளத்தைச் சொறிந்தது. "உள்ள இருக்கிறவங்க. ஒருத்தர் வெளிய வந்தாத்தான் எனக்கு இடமாம்."

வேலை போனால் போகட்டும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இப்போதே தங்கை வீட்டுக்குப் போய்விட வேண்டும். கதவை வெளியே தாழிட்டுவிட்டு, பெரிய வீட்டிலிருந்த துணிப்பையை எடுக்க ஓடினாள். எடுத்தாள். திரும்பினாள்.

தாழ் விலகியிருந்தது.

குளத்துப் படியிலிருந்து அறைவரை ஈரக் காலடிகள். சின்னவை. எல்லாம் அறையைப் பார்த்தே.

கட்டிலில் தலைவரை போர்வை. பாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொட். சொட்.

"அம்மா, குளிருது."

யாரெத்சியின் குரல்தான். அப்பாடா என்று எர்லிண்டா அழுதேவிட்டாள். போர்வைக்கடியிலிருந்து நீண்ட கையைப் பிடித்தாள்.

வெளுத்துப்போன கை. விரல் நுனியெல்லாம் சுருங்கி, ஊறி, தோல் தளர்ந்திருந்தது. அதில் ஒரு கொப்புளம்கூட இல்லை.

வெளியே குளத்தில் தண்ணீர் பளாரென்று அடிபட்டது. "அம்மா!" என்றது யாரெத்சியின் குரல், வாயில் தண்ணீரோடு.

எர்லிண்டா கையை உதறினாள். அந்தக் கை விடவில்லை.