சலாம் சொல்ல மறந்த ஊசி அக்கா

மோட்டார் சைக்கிளை மாமரத்தடியில் நிறுத்திய கையோடு அந்த அக்கா ஒரு காகிதத்தை நீட்டினாள்.

"யேரோவுக்கு இன்னைக்கு மூணாவது ஊசி. இங்க கைநாட்டு வைங்க."

சலாம் இல்லை. வீட்டில் எல்லோரும் சுகமா, மாடு கன்று சுகமா என்ற விசாரிப்பும் இல்லை. பெண்டாவின் அப்பா காகிதத்தைத் தொடவே இல்லை.

"என் மாட்டைக்கூட நலம் விசாரிச்சுட்டுத்தான் பால் கறப்பேன். ஊசி வேண்டாம், போயிட்டு வாங்க," என்றார்.

பெண்டாவுக்குப் பகீரென்றது. யேரோ அவளுடைய குட்டித் தம்பி. போன மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுக் குழந்தை மூச்சுவிட முடியாமல் துவண்டு கிடந்ததை அவள் பார்த்திருக்கிறாள். அந்த நுரையீரல் காய்ச்சலைத் தடுக்கத்தான் காம்பியாவில் ஊர் ஊராகப் புதுத் தடுப்பூசி ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்கள். யேரோவின் கடைசி ஊசிக்கு இன்றுதான் கடைசி நாள்.

"இன்னும் ஆறு ஊர் போகணும், அந்த அவசரத்துல..." என்று அக்கா இழுத்தாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்காவின் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பெண்டா எழுத்துக்கூட்டிப் படித்தாள். மைமூனா பாஹ்.

பெண்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்கள் ஜாலோ குடும்பம். ஜாலோக்களும் பாஹ்களும் கேலி முறைக்காரர்கள். ஒருவரை ஒருவர் எவ்வளவு வாரினாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

"அப்பா, இவங்க பாஹ். நம்ம சோத்து வாசனை மூக்குல ஏறினதும் சலாம் மறந்துபோச்சு போல."

சிரிப்பை அடக்கியதில் அப்பாவின் மீசை துடித்தது. "பாஹா? அதை முதல்லயே சொல்லக் கூடாதா? பாஹ்கிட்ட மரியாதை எதிர்பார்த்தது என் தப்பு."

அக்கா இடுப்பில் கை வைத்தாள். "ஜாலோ வீட்ல சோறா? போன தடவை வந்தவங்க காலிப் பானையைப் பார்த்துட்டுப் போனாங்களாமே."

பிறகு பாயில் உட்கார்ந்து, கடைசிக் கன்றுக்குட்டி வரை நலம் விசாரித்தாள்.

"இது அசல் மருந்துதானா?" என்று கேட்டார் அப்பா.

"எனக்கே தெரியாது. பாதிப் பிள்ளைங்களுக்குப் புது மருந்து, மீதிப் பேருக்கு மருந்தில்லாத ஊசி. கடைசியில ரெண்டையும் ஒப்பிட்டாத்தான் மருந்து வேலை செய்யுதான்னு தெரியும். செஞ்சா எல்லாப் பிள்ளைங்களுக்கும் கிடைக்கும். நீங்க வேண்டாம்னாலும் எனக்கு வருத்தமில்ல."

அப்பா யேரோவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"உண்மை பேசுற பாஹை இப்பத்தான் பாக்குறேன்," என்று பெருவிரலை மையில் தோய்த்துக் காகிதத்தில் அழுத்தினார்.

ஊசி ஏறியதும் யேரோ ஊரையே கூட்டினான். பெண்டா அவனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தாள். அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

அதற்குள் அம்மா பெரிய சோற்றுக் கிண்ணத்தைப் பாயின் நடுவே வைத்தாள். எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"தள்ளி உட்காரு பெண்டா," என்றார் அப்பா. "பாஹ் சாப்பிடணும்னா மூணு பேர் இடம் வேணும்."