தோட்டத்து வாசல் விளக்கு

பள்ளிக்கூட நாடகத்தில் அஞ்சலாட்சிக்குக் காவல்காரன் வேடம். மை மீசை, தலைப்பாகை எல்லாம் தயார். ஆனால் அவள் கொண்டுவந்த அரிக்கேன் விளக்கு, நாடகம் நடக்கும் ஊர் மன்றத்துப் படியில் விழுந்து உடைந்துவிட்டது.

விளக்கில்லாத காவல்காரன் எப்படித் திருடனைப் பிடிப்பான்? அவளுக்கு அழுகை முட்டியது. மீசை கரைந்துவிடுமே என்று அடக்கிக்கொண்டாள். மில்லில் வேலை பார்க்கும் அப்பா வேறு, ஷிப்டு மாற்றிக்கொண்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்.

மன்றத்தில் தெரு வாசல், தோட்டத்து வாசல் என்று இரண்டு வாசல்கள். ஆள் கூடினால் இரண்டின் மேலும் அரிக்கேன் எரிய வேண்டும் என்பது விதி. மின்விளக்கு எரிந்தாலும் சரி, அதுவும் எரிய வேண்டும்.

"கரண்டு இருக்கையில இது எதுக்கு மாமா?" என்று ஒத்திகையின்போது அவள் கேட்டிருந்தாள்.

"கரண்டு என்ன சொல்லிட்டா போவும்? இருட்டுல ஜனங்களுக்கு வழி தெரியணும்ல" என்றார் மன்றத்துக் காவலாளி கலியமூர்த்தி.

இன்றோ அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் மனம் இளகிவிட்டது.

"அழுவாத. தோட்டத்து வாசல் விளக்க எடுத்துக்க. ஒரு நாடகத்துக்குள்ள என்ன ஆயிடப்போவுது?"

அவள் விளக்கோடு மேடையேறி, "யார்ரா அங்க?" என்று அதட்டினாள். அந்த நேரம் பார்த்துக் கரண்டு போய்விட்டது.

நாற்காலிகள் சரிந்தன. எல்லோரும் வெளிச்சம் தெரிந்த தெரு வாசலுக்கே ஓடினார்கள். அங்கே ஒரே நெரிசல். ஒரு குழந்தை வீறிட்டது.

அஞ்சலாட்சிக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் மேடையிலிருந்து குதித்து ஓடினாள். பெஞ்சில் ஏறித் தோட்டத்து வாசல் ஆணியில் விளக்கை மாட்டினாள்.

"இங்கயும் வாசல் இருக்கு! தள்ளாம வாங்க!"

காவல்காரன் குரல் கணீரென்று கேட்டது. பாதிக் கூட்டம் இந்தப் பக்கம் திரும்பியது. நெரிசல் விட்டது. யாருக்கும் அடி இல்லை.

சற்று நேரத்தில் கரண்டு வந்தது. எல்லோரும் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். "என் புத்தி எங்க போச்சோ" என்று கலியமூர்த்தி தலையில் அடித்துக்கொண்டார்.

"விளக்க எடுத்துக்கிட்டு வாம்மா, நாடகத்த முடிக்கலாம்" என்றார் டீச்சர்.

அஞ்சலாட்சி விளக்கை அண்ணாந்து பார்த்தாள். "வேணாம் டீச்சர். அது அங்கயே எரியட்டும்."

வெறுங்கையை உயர்த்திக்கொண்டு மேடையேறினாள். "யார்ரா அங்க?"

திருடனாக நடித்த சின்னப்பொண்ணு அந்த வெறுங்கையைப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு, வெளிச்சம் தாங்காதவள்போல இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

மன்றமே சிரித்தது. அப்பாவின் சிரிப்புதான் எல்லோரையும்விட உரக்கக் கேட்டது.