கேட்காமல் அள்ளிய மண்

“உத்தரவு கேட்டுத்தான அள்ளுனீக, அத்தே?”

“எங்கிட்டுக் கேக்க? அணைத் தண்ணி ஊருக்குள்ள ஏறிருச்சு, லாரிக்காரன் ஆரன் அடிச்சுக்கிட்டே நின்டான். சாமி வீட்டு மண்ண முந்தியில முடிஞ்சேன், ஏறிட்டேன். உங்க மாமாவோட அப்பன வெள்ளைக்காரன் மலையடிவாரத்துலருந்து வெரட்டுனப்பவும் இதே கதைதான். நீயாச்சும் கேட்டு அள்ளு. பல்லி சொன்னாத்தான் தொடணும்.”

மாமியார் சோணையம்மாள் சாவதற்கு முந்தின மாதம் சொல்லிச் சிரித்தது, விளக்கேற்றும்போது அன்னக்கொடிக்கு நினைவு வந்தது. குலசாமியும் செத்த முன்னோர்களும் கூடவே வருவார்கள் என்று ஊர் மாறும்போதெல்லாம் அள்ளிவந்த பிடிமண்ணின் கலயம் மூலையில் வியர்த்திருந்தது. மலையடிவாரத்து மண்ணும், அணைக்குள் மூழ்கிய ஊரின் மண்ணும் அதில்தான் கிடந்தன. இத்தனை வருடமாகக் காய்ந்து கிடந்த மண். பங்குனி வெயிலில் அதற்கு ஈரம் எப்படி வந்தது?

திருநகரை ஒட்டிய அந்தக் குடியிருப்பைப் புது ரோட்டுக்காக இடித்துக்கொண்டிருந்தார்கள். விடிந்தால் இவர்கள் வீடு. “லாரியோட வாரேன், மண்ண அள்ளி வை” என்று சொல்லிவிட்டுப் புருஷன் நல்லகாமன் போயிருந்தான். சேலைத் தொட்டிலில் மருது தூங்கினான். தவம் கிடந்து ஏழாம் வருடம் பிறந்த பிள்ளை.

தொட்டிலை ஒருமுறை ஆட்டிவிட்டுக் கலயத்தின் முன்னால் உட்கார்ந்தாள். ஓடு பிரித்த கூரை வழியே இடிந்த வீடுகளின் சுண்ணாம்புத் தூசி இறங்க, திருமங்கலம் பஸ்ஸின் இரைச்சல் தூரத்தில் தேய, அதற்கெல்லாம் அடியிலிருந்து வேறொரு வாசனை மெல்ல எழுந்தது. வெகுகாலம் தண்ணீரில் கிடந்த சேறு, அழுகிய சோளத்தட்டை, நனைந்த பழஞ்சேலை.

கை கூப்பினாள்.

“இந்தத் தடவை கேட்டுத்தான் அள்ளுறேன். எல்லாரும் கூட வாங்க. உத்தரவு குடுங்க.”

பல்லி சொல்லவில்லை.

தொட்டில் கொக்கியின் கிரீச்சொலி நின்றது. திரும்பினாள். ஆடுகிற தொட்டில் மெல்ல மெல்லத்தான் ஓயும். இது ஓயவில்லை. ஒருபக்கம் சாய்ந்தபடியே நின்றது.

சேலையின் விளிம்பில் விரல்கள்.

சேறு ஒட்டிய விரல்கள். ஒருவருடையவை அல்ல. நிறைய.

மருது அழவில்லை.

“எங்கள யாருமே கேட்டதில்லத்தா.” அத்தையின் குரல். தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல. “நீதான் கேட்ட.”

அன்னக்கொடி தொட்டில் சேலையைப் பற்றி இழுத்தாள். அது அசையவில்லை.

“எங்களால இனி வண்டி ஏற முடியாது. இங்கனயே இருந்துக்கிறோம்.”

வாசலில் லாரி ஆரன் அடித்தது.

“துணைக்குப் பிள்ளைய மட்டும் விட்டுட்டுப் போ.”