தலைப்புக்குக் கீழே ஒரு வெற்று வரி

அவள் அந்தக் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தபோது பகல் இரண்டு மணி. ஆபீசில் அவளை எல்லோரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஊசி போடத் தெரியாது. படுத்துவிட்ட கணினி நிரல்களை எழுப்பி உட்கார வைக்கத் தெரியும்.

"எவ்வளவு நேரம் ஆகும், டாக்டரம்மா?" என்றார் வாசல் காவலாளி.

"ஒரு மணி நேரம். அதுக்கு மேல இருக்க முடியாதுண்ணே. மூணரைக்கு ஸ்கூல் விட்டுடும். பாப்பாவைக் கூட்டிட்டுப் போக என்னை விட்டா ஆள் இல்ல, அவங்கப்பா வெளியூர்."

"எல்லாரும் ஒரு மணி நேரம்னுதாம்மா சொல்றாங்க. டெய்லர் சொல்ற மாதிரி."

அவள் சிரித்துக்கொண்டே படியிறங்கினாள்.

அடித்தளத்தில் இருந்தது மிஷின் ரூம். ஜன்னல் கிடையாது. கைபேசியில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. சுவரில் வாசலோடு பேச ஒரு போன் மட்டும். இரும்புக் கதவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு: வெளியே போகும்போது, உள்ளே ஒரே ஓர் ஆள் இருந்தால்தான் திறக்கும். ஒருவர் அட்டையைக் காட்டி இன்னொருவர் பின்னாலேயே நழுவிவிடக் கூடாதாம். உள்ளே எத்தனை பேர் என்பதைத் தரைக்கு அடியில் இருக்கும் கருவிகள் கணினிக்குச் சொல்லும்.

கதவு பின்னால் மூடிக்கொண்டது. இயந்திரங்கள் ஒரே சுருதியில் முனகின. குளிர்க்காற்றில் ஒரு வாடை. ஈரத் துணியை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு மறந்துபோனால் வருமே, அது.

வந்த வேலை சின்னது. அங்கே இருந்த கணினியில் ஒரு ஷெல் உண்டு; ஒரு வரி தட்டினால் உடனே பதில் சொல்லும். பதிலைக் கட்டம் கட்டி, ஒழுங்குபடுத்திக் காட்டுவதற்கு நாலு ப்ளகின்கள், அதாவது துணை நிரல்கள். உள்ளே இருப்பவர்களின் பட்டியலைக் கேட்டால் தலைப்புக்குக் கீழே ஒரு வெற்று வரி விழுகிறது என்பதுதான் புகார்.

கேட்டுப் பார்த்தாள். தலைப்பு, ஒரு வெற்று வரி, அதன் கீழ் அவளுடைய அட்டை எண். சொன்னது சரிதான்.

நன்றாகப் பேரம் பேசுகிறவன் முதல் விலையை நம்புவதில்லை. அவள் திரையின் முதல் பதிலை நம்புவதில்லை. ப்ளகின்களை ஒவ்வொன்றாக அணைத்தாள். நிறம் கொடுப்பது, எண்ணுக்குக் காற்புள்ளி வைப்பது, பத்திகளை நேராக்குவது. மூன்றும் குற்றமற்றவை. நாலாவதைத் திறந்தாள். எழுதியவன் அவளுக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டவன். ஆபீசில் அவனுக்குக் கஞ்சன் என்று பெயர். காசில் தாராளம், நிரலில் விளக்கம் எழுதத்தான் மனசு வராது. பட்டியலின் முதல் வரிசையை மறைப்பதைத் தவிர அந்த ப்ளகின் வேறெதுவும் செய்யவில்லை. மேலே ஒரே ஒரு சொல் எழுதியிருந்தான்.

எடுக்காதே.

"நீ சொன்னா நான் கேட்கணுமா?" என்று அதையும் அணைத்தாள்.

வெற்று வரி நிரம்பியது.

அட்டை எண்: இல்லை. நுழைந்த நாள்: பதினோரு வருடத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை. வெளியேறிய நாள்: இல்லை.

இரண்டாவது வரிசையில் அவள்.

குப்பைத் தகவல் என்று முணுமுணுத்தாள். பழையது மேலே நின்றது கண்ணை உறுத்தியது. புதிதாக வந்தவர் மேலே வரும்படி வரிசையைத் திருப்பினாள். பிழை தேடுகிற எவரும் கை போன போக்கில் செய்கிற காரியம்; செய்ததுகூட மனதில் நிற்காது. பிறகு, வெளியே போய் மேலாளரிடம் கேட்கலாம் என்று கதவில் அட்டையைக் காட்டினாள்.

சிவப்பு. 'உள்ளே இருவர்.'

இன்னொரு முறை காட்டினாள். சிவப்பு.

கதவின் நிரலைத் திறந்து பார்த்த பிறகுதான் புரிந்தது. கஞ்சன் கதவை உண்மையான எண்ணிக்கையோடு இணைக்கவில்லை. திரையில் அலங்கரித்து வரும் அட்டவணையைப் படித்து வரிசைகளை எண்ணச் சொல்லியிருந்தான். அதில் தெரிகிற ஆளுக்குத்தான் கதவு. எந்த நிரலாளரும் வெட்கப்படுகிற குறுக்குவழி. ஆனால் அவன் சோம்பேறி இல்லை.

அவனும் ஒருநாள் இங்கிருந்து வெளியே போக வேண்டியிருந்திருக்கிறது.

சுவர் போனை எடுத்தாள். "அண்ணே, கதவு திறக்கலை. வெளியிலேர்ந்து திறங்க."

"சாவி பெரிய ஆபீஸ்ல இருக்கும்மா. ஆள் வர நாளைக்குக் காலையில ஆயிடும்."

"நாளைக்கா? மணி மூணாகப் போகுது. மூணரைக்குப் பாப்பா கேட்ல வந்து நிப்பா. மஞ்சள் பையை மாட்டிக்கிட்டு, நான் வந்தாத்தான் நகருவா. வேற யாரு கூப்பிட்டாலும் வரமாட்டா!"

"பொறும்மா, பொறும்மா. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசினா எனக்கு என்ன புரியும்? யாராவது ஒருத்தர் சொல்லுங்க."

அவள் போனைக் காதோடு அழுத்தினாள்.

போனில், அவள் காதுக்கு மிக அருகில், யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

போனைக் கீழே போட்டாள். ஈர வாடை இப்போது பிடரியில் இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. கணினிக்கு ஓடி, நாலாவது ப்ளகினை மறுபடி ஏற்றினாள். அட்டவணையில் ஒரே வரிசை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க அவளுக்குப் பொறுமை இல்லை; ஒன்று என்றால் ஒன்று. கதவுக்குப் பாய்ந்து அட்டையைக் காட்டினாள்.

பச்சை.

கதவு நகர்ந்தது. அவள் காலைத் தூக்குவதற்குள் தோளை உரசிக்கொண்டு ஏதோ ஒரு குளிர் கடந்து போனது.

கதவு அவள் முகத்தின் மேல் மூடிக்கொண்டது.

அட்டையைக் காட்டினாள். சிவப்பு.

'உள்ளே யாரும் இல்லை.'

மெல்லத் திரும்பி, தூரத்திலிருந்தே திரையைப் படித்தாள். அட்டை எண் இல்லாத அந்த வரிசை. வெளியேறிய நாள், இன்று. அதற்கு மேலே, தலைப்புக்குக் கீழே, வெற்று வரி. புதியவரை மேலே கொண்டுவந்தது அவள். மேலே இருப்பவரை மறைப்பது ப்ளகின்.

ஓடிப் போய்த் தட்டினாள். திரையில் ஓர் எழுத்துகூட விழவில்லை. விசைகள் அமுங்கும் ஓசைகூட எழவில்லை.

போன் வயரில் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துக் கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள்.

"ஹலோ? மிஷின் ரூமா?" என்றார் காவலாளி. "ஹலோ… அங்க யாரு இருக்கா? சத்தத்தையே காணோம்."

பிறகு, பக்கத்தில் இருந்த யாரிடமோ சொன்னது கேட்டது.

"லைன் கோளாறு போல. டாக்டரம்மா இப்பத்தான் போனாங்க. பாவம், என்ன வேகம்! ஸ்கூலுக்கு எந்தப் பக்கம் போகணும்னு என்கிட்ட வழி கேட்டுட்டுப் போறாங்க."