வெட்டுக்கிளிகள் விட்ட இடம்

அன்று மத்தியானம் நோரீனின் கோழிகள் வெட்டுக்கிளியைத் தொடவில்லை. போன மாதம் பாதிரியாரின் ஷூ லேஸையே பிடுங்கித் தின்றவை அவை. இப்போது காலடியில் தீனி குதித்துக்கொண்டு போக, வேலியோடு ஒண்டி நின்றன.

கோதுமைப் பண்ணைகள் நிறைந்த நிங்கன் வட்டாரத்தில் இறக்கை முளைக்காத வெட்டுக்கிளிக் குஞ்சுகள் கிளம்பினால் உடனே விவசாய ஆபீசுக்குச் சொல்லிவிடுவார்கள். மருந்தடிக்க விமானம் வரும். நோரீன் வீட்டிலிருந்து மட்டும் தகவல் போகவில்லை. அடுத்த பண்ணை பெரிலுக்கு அது பொறுக்குமா? நோரீனுக்கே போன் அடித்துவிட்டாள்.

"ஏன்டி, உன் புருஷன் என்ன வெட்டுக்கிளி வளக்குறானா?"

"மருந்தடிச்சா அவன் போயிருவான்னு காலின் சொல்றான்."

"எவன்?"

நோரீன் போனை வைத்துவிட்டாள்.

மகன் ரோரி பண்ணைக் குட்டையில் மூழ்கிப்போனதிலிருந்து காலின் வேலி வேலியாக நடந்துகொண்டே இருந்தான். துக்கத்துக்கு ஊர் கொண்டுவந்த சாப்பாட்டுப் பாத்திரங்கள், அடியில் ஒட்டிய பெயர்களோடு, இன்னும் கழுவாமல், திருப்பித் தராமல் கிடந்தன. பெரிலின் கோபத்தில் பாதி அதனால்தான்.

வெளியே மழையில்லாத மழைச் சத்தம். காய்ந்த கோதுமைத் தாளில் லட்சோப லட்சம் கால்கள் உரச, நசுங்கிய புல்லின் பச்சை வாடை தொண்டைவரை இறங்க, தரையே பழுப்பாக நகர்ந்தது. அந்தக் கூட்டத்துக்குத் தலைவன் கிடையாது. ஒவ்வொன்றும் பக்கத்திலிருப்பதைப் பார்த்து நடக்கும். நின்றால் பின்னால் வருவது கடித்துத் தின்றுவிடும். அதனால் எதுவும் நிற்பதில்லை.

நடுவே காலின். அதே திசையில். குஞ்சுகள் விலகி, அவனைச் சுற்றி வட்டமாக மண் தெரிந்தது.

அவன் வலப்பக்கம் இன்னொரு வட்டம். சின்னது. அதில் ஆள் இல்லை. காலினின் கை மட்டும் எதையோ பிடித்தாற்போல அந்தப் பக்கம் தாழ்ந்திருந்தது.

சின்ன வட்டம் பின்தங்கும்; தத்தித் தத்தி ஓடிவந்து சேரும். அந்த ஓட்டம் பெற்றவளுக்குத் தெரியாதா?

"காலின், உள்ள வாய்யா! நாம ரெண்டு பேராவது மிஞ்சுவோம்!"

"நிக்க முடியாது நோரீன்." நடந்துகொண்டே சொன்னான். "அவனக் கூப்பிட்டுறாத."

வேலி நெருங்கியது. அதைத் தாண்டினால் பெரிலின் நிலம். விமானம். மருந்து.

அவளுக்குத் தாங்கவில்லை.

"ரோரி!"

சின்ன வட்டம் நின்றது. அம்மா கூப்பிட்டால் நிற்கிற பிள்ளை அவன்.

பின்னால் வந்தவை நிற்கவில்லை. வட்டம் சுருங்கியது. மண் மறைந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. ஒரு பிள்ளையின் இடுப்பு உயரம். தோள் உயரம்.

காலின் மண்டியிட்டான். பிடித்த கையை விடவில்லை. மணிக்கட்டு வரை பழுப்பு. முழங்கை வரை.

குவியலின் உச்சி, மெல்ல, அவள் பக்கம் திரும்பியது.