மதிலில் முளைத்த கை

திண்டிவனம் தாலுகாவிலேயே பயம் என்றால் என்னவென்று தெரியாத ஒரே ஆள் சுகுமார்தான். இதைச் சொன்னவனும் சுகுமார்தான். பாலிடெக்னிக்கில் படிக்கிறவன் சொன்னால் தப்பாகவா இருக்கும்?

"அப்போ பின்சந்துக்கு நீ மட்டும் போயிட்டு வாண்ணா," என்றாள் ஐந்தாம் வகுப்புத் தங்கை துர்கா.

"எனக்கு வேற வேலை இருக்குது."

வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே இருந்த அந்தச் சந்தில் வெயிலும் விழாது, மழையும் விழாது. நட்டநடுப் பகலிலும் இருட்டு. யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதுபோல் இருக்கும்.

அந்த மதிலில்தான் துர்கா இரண்டு வருடமாகப் பாசி வளர்த்தாள். இந்தக் கோடையில் அது பழுப்பாகி, கருகிய முடிபோல ஆகிவிட்டது. தினமும் தண்ணீர் ஊற்றியும் பயனில்லை.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் சுரண்டிட்டு சிமென்ட் பூசிடுவேன்," என்றார் அப்பா.

சுகுமார் சிரித்தான். "செத்துப்போன பாசிக்குத் தண்ணி ஊத்திக்கினு இருக்கியே, லூசா நீ?"

துர்கா மதிலைத் தடவினாள். விரலில் வெள்ளைப் பொடி. நாக்கில் வைத்தாள். உப்பு! வெந்நீர்க் குண்டானின் அடியிலும் இதே வெள்ளைதானே? மழையில்லாத இந்தக் கோடை முழுக்க உப்பு போர்வெல் தண்ணீரையா ஊற்றினோம்?

அன்றோடு ஊற்றுவதை நிறுத்தினாள். சனிக்கிழமை மழை வந்தது. மாடிக் குழாயின் கீழே பக்கெட்டை வைத்துப் பிடித்தாள்.

ஞாயிறு காலை, முதலில் சோதித்துப் பார்க்க, மழைநீரில் உள்ளங்கையை நனைத்துப் பாசியில் அழுத்தினாள். ஒன்றும் ஆகவில்லை. முகம் வாடி, மக் எடுக்க உள்ளே போனாள்.

அப்பா கொடுத்தனுப்பிய சுரண்டும் கரண்டியோடு சுகுமார் சந்துக்குள் வந்தான்.

பழுப்பு மதிலில் ஒரு பச்சைக் கை எழும்பிக்கொண்டிருந்தது. ஐந்து விரல்கள். ஒவ்வொரு விரலிலும் மெல்லிய இழைகள் நெளிந்து, தலை தூக்கின.

"எம்மா!"

சுகுமார் ஓடவில்லை. கொஞ்சம் வேகமாக நடந்து கதவில் முட்டிக்கொண்டான்.

"ண்ணா, அது என் கைதான்!" துர்கா தன் கையை அதன்மேல் வைத்துக் காட்டினாள். சரியாகப் பொருந்தியது. "பாசி சாவல. தூங்கிக்கினு இருந்துச்சு."

அப்பா வந்து வெகுநேரம் பார்த்தார். சிமென்ட் மூட்டையைத் திரும்பக் கட்டினார்.

மறுநாள் மாலை துர்கா சந்துக்குள் எட்டிப் பார்த்தாள். இருட்டில் ஓர் உருவம் குந்தியிருந்தது. மதிலில் சொட்டுச் சொட்டாக மழைநீரை விட்டு, "மெதுவா குடி, மெதுவா..." என்று கிசுகிசுத்தது.

பிறகு சுகுமார் உள்ளங்கையை நனைத்தான். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, மதிலில் வைத்தான்.